எட்டாம் குழிக்கு வெயில்

ஏனுங்க, இந்த பெஞ்சுக்கு ஆள் வருதுங்களா? இல்லீன்னா நான் கொஞ்சம் உக்காந்துக்கறனுங்க. பதினொண்ணரை மணியில இருந்து நின்னுட்டே இருக்கறேன். நாலு மணிக்குத்தான் உள்ள விடுவாங்களாம். அதுவும் ஒரு சீட்டுக்கு ஒரே ஆளு. சீட்டு ஆரோக்கியத்துகிட்ட இருக்குது. ஆரோக்கியம்னா சவரிமுத்து சம்சாரம். சவரிதான் உள்ள படுத்திருக்கறான். மரத்துல இருந்து விழுந்துட்டானுங்க. சனிக்கிழமை காத்தால விழுந்தான், இன்னைக்குத் திங்கள். இடுப்புக்குக் கீழ அசைவே இல்லை.

நீங்க யாருக்கு வந்திருக்கீங்க? மாமனாருக்கா? நெஞ்சுவலியா? சரியாயிருமுங்க. நெஞ்சுவலியெல்லாம் இப்ப சரி பண்ணி அனுப்பிர்றாங்க. முதுகெலும்புதான் ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறாங்க.

எனக்கு அவனை ஒரு நிமிசம் பாத்தாப் போதுமுங்க. ஒரே ஒரு வார்த்தை கேக்கணும். அஞ்சு மணிக்கு எங்க செக்ரட்டரி அய்யா மலையில இருந்து கார்ல வர்றாரு. அவரு வந்து சவரிகிட்டப் பேசறதுக்கு முன்னால நான் பேசியாகணும். என்ன வார்த்தையா? ஒண்ணுமில்லீங்க. சும்மா ஒரு வார்த்தை.

என் பேரு வெள்ளிங்கிரிங்க. மேல ஒரு கோல்ஃப் கிளப்புல புல்லு, மரம் பாக்கற மாலிங்களுக்கெல்லாம் மேஸ்திரி. கிளப்புப் பேரு எதுக்குங்க, விடுங்க. கோல்ஃப்னா பாத்திருப்பீங்களே டிவியில. பெரிய பெரிய ஆளுங்க ஒரு சின்ன வெள்ளைப் பந்தைத் தட்டித் தட்டி, அது பின்னாலயே அரை மைலு நடந்து போயி, கடைசியில ஒரு குழிக்குள்ள தள்ளுவாங்க. தள்ளிட்டு அதை அவங்களே குனிஞ்சு எடுத்துக்குவாங்க. இப்பிடிப் பதினெட்டுக் குழி. சிரிக்காதீங்க, எங்க பொழப்பே அதுலதான் ஓடுது. குழியைச் சுத்திப் பொடிப் புல்லு, ஒட்ட வெட்டி விட்ட தலையாட்டம் இருக்கும். அதுக்குப் பேரு கிரீன். அந்த கிரீனுக்கு ஒண்ணுன்னா கிளப்பே கெடந்து துடிக்கும். மனுசனுக்கு ஒண்ணுன்னா... சரி, அதைச் சொல்லி என்ன பண்ண.

மத்தவங்களுக்கு மார்கழி தைன்னா கோயிலு, பொங்கலு. எங்களுக்கு மரவெட்டுங்க. மழை நின்னு மண்ணு இறுகியிருக்கும், வண்டி போனாப் புல்லு கிழியாது. அந்த ரெண்டு மாசத்துலதான் காஞ்ச கெளையக் கழிக்கறது, சாஞ்ச மரத்தை எறக்கறது எல்லாம். எதை வெட்டறதுன்னு நாந்தான் அடையாளம் போடுவேன். மரத்துல சிவப்பு வட்டம் போட்டா மரமே போகணும். வெள்ளைக் கோடு போட்டா கெளை மட்டும். பெயிண்டு டப்பாவும் பிரஷும் பத்தொம்பது வருசமா என் கையிலதானுங்க. எத்தனை செக்ரட்டரி மாறினாலும் டப்பா மட்டும் மாறல.

பனி இருக்குதில்லீங்களா, மேல அது இங்க மாதிரி ஈரமா நிக்காது. புல்லு மேல உப்புக் கொட்டினாப்பல வெள்ளையா உறைஞ்சு போயிரும். அது மேல மட்டும் கால் வெக்கவே கூடாதுங்க. வெச்சா அப்ப ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா எங்க எங்க மிதிச்சமோ அங்க எல்லாம் கருப்பு கருப்பா பாதம் தெரியும், அந்தப் புல்லு செத்துப் போயிருக்கும். வெயில் பட்டு அதுவா உருகறவரைக்கும் காத்திருக்கணும். எட்டு மணிக்கு வெயில் படற கிரீன் எல்லாம் பொழைச்சுக்கும். நெழல்ல கெடக்கறது பத்து, பதினொண்ணுவரைக்கும் வெள்ளையாவே கெடக்கும். நாளாக நாளாக அங்க புல்லு கருகி, மண்ணு தெரிய ஆரம்பிச்சிரும்.

எங்களுக்கு எட்டாம் குழி அப்பிடிங்க. பள்ளத்துல இருக்குது. மூணு வருசமா அங்க வெயிலே வர்றதில்ல. வருசா வருசம் தை கடைசியில பெரிய போட்டி ஒண்ணு நடக்கும், வெளியூர்ல இருந்தெல்லாம் வருவாங்க. போன வருசம் எட்டாம் குழியில மண்ணுல பந்து உருட்டிட்டுப் போனாங்க. செக்ரட்டரி அய்யா பட்டாளத்துல இருந்தவரு. திட்ட மாட்டாரு. தோள்ல கையப் போட்டு, “வெள்ளிங்கிரி, எந்த மரத்து நெழல்னு நீதாம்ப்பா சொல்லணும். இந்தப் பனியில நான் ஒம்பதரைக்கு முன்னால எந்திரிக்கற ஆள் இல்ல. உன் கண்ணுதான் எனக்குக் கண்ணு”ன்னாரு. திட்டியிருந்தாக்கூடத் தேவலீங்க.

அங்க பக்கத்துல ஒரு சைப்ரஸ் மரம் இருக்குது. கோபுரமாட்டம் ஒசந்து அடர்த்தியா நிக்கும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. சும்மா இடம் தெரியணும்னு சொன்னேன்.

மொத வருசம் ரெண்டு சீகை மரத்துக்கு வட்டம் போட்டேன். வெட்டினோம். வெயில் வரல. “வேரு இன்னும் ஈரத்தை இழுக்குதுங்கய்யா, அடுத்த வருசம் சரியாயிரும்”னேன். அடுத்த வருசம் மூணு கற்பூர மரம், அதாங்க தைல மரம். வரல. “மேட்டுல ஒண்ணு மறைக்குதுங்கய்யா”ன்னு அதையும் போட்டேன். எல்லாத்துலயும் ஏறினது சவரிதான். அவனை மாதிரி மரம் ஏறற ஆளு எங்க மலையில கெடையாதுங்க. இடுப்புல கயிறு, முதுகுல மரம் அறுக்கற மெஷினு, வாயில ஒரு பாட்டு. மேல போயி உக்காந்துட்டு, “அண்ணா, இங்க இருந்து பாத்தா மேட்டுப்பாளையம் தெரியுது, எதாவது வாங்கணுமா?”ன்னு கேப்பான். கீழ நிக்கற பொம்பளையாளுங்க எல்லாம் சிரிப்பாங்க. எனக்குக் கோவம் வரும். வேலையில என்னடா வெளையாட்டுன்னு கத்துவேன். இப்ப நெனைச்சா அந்தச் சத்தத்தைக் கேக்கறதுக்கு ஏங்குதுங்க.

சவரி தப்பு இதுல இல்லையான்னு கேட்டா, இருக்குதுங்க. அவன் போட்டிருந்த பூட்ஸு தேஞ்சு போன பூட்ஸு. மாத்துடா மாத்துடான்னு நான் சொல்லிட்டே இருந்தேன். பனி மேலயும் தப்பு. இந்த வருசம் என்னைக்கும் இல்லாத பனி. செக்ரட்டரி அய்யா மேலயும் தப்புத்தான். மனுசன் பனிக்காலத்துல ஒரு நாளாச்சும் காத்தால ஏழு மணிக்கு வந்து எட்டாம் குழியில நின்னு பாத்திருந்தாருன்னா, எந்த மரத்து நெழலுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கும். என்னைக் கேக்கவே வேண்டியதில்ல. எந்திரிக்கலியே. ஒரு நாளும் எந்திரிக்கலியே.

ஆமாங்க. சரியாத்தான் கேக்கறீங்க. எனக்குத் தெரியும். மூணு வருசமாத் தெரியும்.

சைப்ரஸ்தானுங்க.

குளிர்காலத்துல சூரியன் நேரா வராது, தெக்கால சாஞ்சு வரும். தெக்க நிக்கற சைப்ரஸ் நெழலு நேரா வந்து எட்டாம் குழி மேல படுத்துக்கும். பத்தரைவரைக்கும் எந்திரிக்காது. சித்திரை, வைகாசியில கேட்டா அது வேற கதை. அப்ப வடக்க இருக்கற ஒரு பெரிய கற்பூர மரத்து நெழலு விழும். செக்ரட்டரி அய்யா கோடையில மட்டும் காத்தால ஆறு மணிக்கு விளையாட வருவாரு. அந்த நெழலை அவரு கண்ணால பாத்திருக்கறாரு. அது எனக்கு வசதியாப் போச்சு.

எதுக்கு சைப்ரஸைக் காப்பாத்தினேன்னு கேக்கறீங்களா? அதுக்குப் பின்னால எங்க வீடு இருக்குதுங்க.

வீடுன்னா, பழைய புல்லு மெஷின் நிறுத்தற கொட்டகை. பத்தொம்பது வருசத்துக்கு முன்னால அப்ப இருந்த செக்ரட்டரி, “இருந்துக்கப்பா”ன்னு வாயில சொன்னாரு. எழுத்துல ஒண்ணும் கெடையாது. அவரு போயி இன்னொருத்தர் வந்து, அவரும் போயி இப்ப இவரு. கமிட்டியில இருக்கற ஒருத்தருக்கும் அங்க ஒரு வீடு இருக்கறதே தெரியாது. நான் பஜார்ல குடியிருக்கறதாத்தான் நெனைச்சிருக்கறாங்க. சைப்ரஸ் மறைச்சுக்கிட்டு நிக்குதில்லீங்களா. அது போச்சுன்னா, கிளப்பு மாடியில உக்காந்து டீ குடிக்கறவங்களுக்கு நேரா எங்க தகரக் கூரையும் என் சம்சாரத்து சேலையும்தான் தெரியும். மறுநாளே காலி பண்ணச் சொல்லிருவாங்க.

என் சம்சாரம் மயிலாத்தா அங்க எப்பிடிக் குடும்பம் நடத்தினான்னு உங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டீங்க. துணியெல்லாம் பின்பக்கம்தான் காயப்போடுவா. பகல்ல வெறகு எரிக்க மாட்டா, பொகை தெரிஞ்சிரும்னு. கோழி வளக்கணும்னு அவளுக்கு அத்தனை ஆசை. சேவல் கூவினா மாட்டிக்குவோம்னு நான் விடல. எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருசம். ரெண்டே வருசம் அந்த மரம் நின்னா, அதுக்குள்ள கீழ எங்கியாச்சும் ஒரு கூரையத் தேடிக்குவோம். அவளுக்கு முட்டி ரெண்டும் போச்சுங்க. இப்பத் திடுதிப்புன்னு மூட்டை கட்டச் சொன்னா எங்க போறது? சொந்தம்னு சொல்லிக்க ஒரு சென்ட் இடம் இல்ல.

ஆனா மொத வருசமே அவ சொன்னா. “ஏனுங்க, வெட்டிருங்க அதை. தெரிஞ்சாத் தெரியட்டும். அய்யா நல்லவரு, நானே போயிக் கால்ல விழுந்து கேக்கறேன்”னா. போடி, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டேன். வீட்டைக் காப்பாத்தறவன் நானாம். அவளுக்கு ஒண்ணும் தெரியாதாம்.

மணி என்னங்க ஆச்சு? மூணே முக்காலா. அந்தக் கதவைப் பாத்துட்டே இருங்க, தொறந்தாச் சொல்லுங்க.

போன வாரம் செக்ரட்டரி அய்யா கூப்பிட்டாரு. “வெள்ளிங்கிரி, கோயமுத்தூர்ல இருந்து ஒரு நிபுணரு வர்றாரு, சனிக்கிழமை பதினோரு மணிக்கு. செல்போனைத் தூக்கிப் புடிச்சா, எந்த மாசம் எந்த நேரத்துல சூரியன் எங்க இருக்கும்னு அதுவே கோடு போட்டுக் காமிச்சிருமாம். உனக்கும் சிரமம் கொறையும்”னாரு. எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கலீங்க. செல்போனுக்கு என்னங்க, அதுகிட்டப் போயி வேரு ஈரம் இழுக்குதுன்னு சொல்ல முடியுமா?

அப்பத்தான் அந்த யோசனை வந்துச்சு. நிபுணரு வர்றதுக்குள்ள வடக்க இருக்கற கற்பூர மரத்தை எறக்கிட்டா? செக்ரட்டரி அய்யாவுக்கு அந்த மரத்து மேலதான் சந்தேகம். “வெட்டியாச்சுங்கய்யா, இனி வெயில் வந்துரும், நிபுணருக்கு எதுக்கு வீண் அலைச்சல், பத்து நாளு பாத்துட்டுக் கூப்பிடலாம்”னு சொல்லி அனுப்பிரலாம். பத்து நாளைக்கு அப்பறம் போட்டி வந்துரும். போட்டி முடிஞ்சா பனியும் முடிஞ்சிரும். இன்னொரு வருசம் ஓடிரும். இவ்வளவுதானுங்க என் யோசனை. எத்தனை அழகா இருக்குது பாருங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவப்பு வட்டம் போட்டேன். சனிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் ஆளுங்களைக் கொண்டாந்து நிறுத்திட்டேன்.

பனிக்காலத்துல எட்டு மணிக்கு எவனும் மரம் ஏற மாட்டானுங்க. எங்கள்ல ஒரு வழக்கம் இருக்குது. ஏறறவன் மரத்துப் பட்டையில உள்ளங்கைய வெச்சு, பத்து எண்ணறவரைக்கும் அப்பிடியே வெச்சிருப்பான். எடுத்தா கை காஞ்சிருக்கணும். கை நனைஞ்சிருந்தா அன்னைக்கு அந்த மரம் வேண்டாம்னு அர்த்தம். யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. டீ குடிக்கப் போயிருவாங்க. கீழ நிக்கறவன் ஏறுன்னு சொல்லக் கூடாது. மேஸ்திரியாவே இருந்தாலும் சொல்லக் கூடாது. ஏறறவன் கைதான் சொல்லணும்.

சவரி வந்தான். மரத்தைச் சுத்தி ஒரு நடை நடந்தான். அப்பறம் என்ன பண்ணினான் தெரியுங்களா, எட்டாம் குழிப் பக்கம் திரும்பிப் பாத்தான். வெள்ளை வெளேர்னு கெடக்குது. நெழலு எங்க இருந்து வருதுன்னு கண்ணாலயே புடிச்சுக்கிட்டுப் போனான். சைப்ரஸ்ல போயி நின்னுது அவன் கண்ணு. அதுக்குப் பின்னால எங்க வீடு. மயிலாத்தா கையில அவன் எத்தனை நாளு காப்பி குடிச்சிருக்கறான் அங்க. கிளப்புல அந்த வீடு தெரிஞ்ச ஒரே ஆளு அவந்தான்.

“அண்ணா, இந்த மரத்து நெழலு இந்தப் பக்கமே வரலியேண்ணா”ன்னான். மெதுவா, எனக்கு மட்டும் கேக்கறாப்பல.

அவன் என் மூஞ்சியப் பாத்தான். ரொம்ப நேரம் இல்லீங்க, பீடி பத்தவெக்கற நேரம். “சரிங்ணா”ன்னான். அவ்வளவுதான். அதுக்கு மேல அவன் ஒண்ணும் கேக்கல.

பட்டையில கைய வெச்சான். பத்து எண்ணினான். எடுத்து உள்ளங்கையப் பாத்துட்டு, என்கிட்ட விரிச்சுக் காமிச்சான். மின்னுச்சுங்க. சொட்டச் சொட்ட ஈரம். எல்லாரும் பாத்தாங்க. கயிறு புடிக்கறவன் கயித்தைக் கீழ வெச்சுட்டான், டீக்குப் போறதுக்கு.

நான், “அது பனியில்ல, உன் கை வேர்வைடா. ஏறு”ன்னேன்.

தை மாசத்துல, அந்தக் குளிருல, வேர்வைன்னேன். ஒருத்தரும் சிரிக்கல. சவரி சிரிச்சான். “ஆமாண்ணா, வேர்வைதான்”னு கையப் பேண்ட்டுல தொடைச்சிட்டு ஏறினான்.

நாப்பது அடி இருக்கும். இடுப்புக் கயித்துப் பெல்ட்டை ஒரு கெளையில மாட்டினான். அந்தக் கெளை உள்ளுக்குள்ள இத்துப் போயிருந்துது. ஒரு மரத்துக்கு வட்டம் போடறதுக்கு முன்னால நான் சுத்தியல்ல தட்டித் தட்டிக் கேப்பேன். உள்ள கூடு விட்டிருந்தா சத்தத்துலயே தெரியும். இதை மட்டும் தட்டல. அவசரம். கால் வழுக்குச்சு. அவன் பாரம் மொத்தமும் பெல்ட்டுல வந்துது. கெளை முறிஞ்சிருச்சு. அவன் கத்தலீங்க. நாந்தான் கத்தினேன். கீழ விழுந்து கண்ணைத் தொறந்து, “அண்ணா, காலைத் தூக்கி விடுங்க”ன்னான். தூக்கித்தானுங்க விட்டேன். நான் அவன் காலைப் புடிச்சுட்டு இருக்கறேன், அவன் அதையே திருப்பித் திருப்பிச் சொல்றான்.

இந்தாங்க, தண்ணி இருக்குதா உங்ககிட்ட? கொஞ்சம் குடுங்க.

ஆரோக்கியத்துக்கு ஒண்ணும் தெரியாது. அதுதான் இன்னும் கொடுமை. மூணு நாளா என்னைப் பாக்கறப்ப எல்லாம், “நீங்கதாண்ணா அவரை மடியில போட்டுக் கூட்டிட்டு வந்தீங்க, உங்களை மறக்க மாட்டேன்”னு கைய எடுத்துக் கும்பிடுது. கயிறு புடிச்சவங்களும் வாயத் தொறக்கல. மேஸ்திரிய எதுத்து எவன் பேசுவான்? அப்பறம், எந்த மரத்து நெழலுங்கறது அவங்களுக்குத் தெரியவும் தெரியாது. அது எனக்கும் சவரிக்கும் மட்டும்தான்.

அதான் அந்த ஒரு வார்த்தை. இத்தனை சொல்லிட்டேன், இனி உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது. சனிக்கிழமை அந்தக் கலவரத்துல நிபுணரை வர வேண்டாம்னுட்டாங்க. செக்ரட்டரி அய்யா அஞ்சு மணிக்கு வந்து, “ஏம்ப்பா அந்த மரத்தை அவ்வளவு அவசரமா வெட்டினீங்க, அந்த மரத்து நெழலா எட்டாம் குழியில விழுந்துது?”ன்னு கேப்பாரு. கேட்டா, “ஆமாங்கய்யா”ன்னு சொல்லிருப்பா சவரின்னு கேக்கணும். அவ்வளவுதான். அவன் சொல்லிருவான். எனக்குத் தெரியும். அதுக்குத்தானுங்க மூணு மணி நேரம் பஸ்ஸுல வந்தேன். ஊட்டி வர்க்கி வாங்கிட்டு வந்தேன், அவனுக்கு டீயில நனைச்சுத் திங்கறதுன்னா உசுரு. என்னத்துக்கு வந்தேன்னு பாருங்க, என்னத்தை வாங்கிட்டு வந்தேன்னு பாருங்க. மனுசனா நான்?

நேத்து ராத்திரி வீட்டுக்குப் போயிட்டு, இன்னைக்குக் காத்தால பஸ்ஸுக்குக் கெளம்பறதுக்கு முன்னால எட்டாம் குழிக்குப் போனேன். கற்பூர மரத்துல பாக்கி நின்னதையும் நேத்து அறுத்துப் போட்டாச்சு. ஏழரை மணி. ஒரு மாத்தமும் இல்லீங்க. சைப்ரஸ் நெழலு அதே இடத்துல படுத்திருக்குது. பனி அதே வெள்ளையில கெடக்குது. அதுல குறுக்க ஒரு தடம் மட்டும் கருப்பாத் தெரிஞ்சுது. சனிக்கிழமை அவனைத் தூக்கிட்டு ஓடினமில்லீங்களா, அந்தத் தடம்.

தொறந்துட்டாங்களா? ஆமா, அதோ ஆரோக்கியம் உள்ள போகுது. பச்சை சேலை. ஒரு பத்து நிமிசத்துல வெளிய வந்து எனக்குச் சீட்டைக் குடுக்கும். இந்த வர்க்கிப் பொட்டலத்தை உள்ள கொண்டுபோக விடுவாங்களா? விட மாட்டாங்களா. சரி. நீங்க வெச்சுக்கறீங்களா? வேண்டாமா. சரிங்க.

இருங்க, அது வருது. அழுகலியே. அழுகல. வா ஆரோக்கியம், வாம்மா...

கேட்டுட்டுத்தான இருந்தீங்க? வேற ஆளை உள்ள விட மாட்டாங்களாம். நான் போக முடியாது. டாக்டரு சொல்லிட்டாராம், காலு இனிமே... அதை விடுங்க, அதை நான் இப்ப நெனைக்க மாட்டேன். சவரி பேசறானாம். நல்லாப் பேசறானாம். என்னைத்தான் மொதல்ல கேட்டானாம். “அண்ணன்கிட்டப் போயி, எட்டாம் குழிக்கு வெயில் வந்துச்சான்னு கேட்டுட்டு வா”ன்னு அனுப்பியிருக்கறான்.

அந்தப் புள்ள என் மூஞ்சியப் பாத்துட்டு நிக்குது. புருசன் காலு போயிக் கெடக்கறான், அவனுக்கு ஒரு நல்ல சேதி கொண்டு போகலாம்னு நிக்குது. வரலைன்னு சொன்னா, அவன் விழுந்தது ஒண்ணுத்துக்கும் ஆகலைன்னு நானே சொன்னாப்பல ஆயிரும். “வந்துருச்சும்மா. காத்தால ஏழரைக்கெல்லாம் பளிச்சுன்னு வெயிலு, பனி எல்லாம் உருகிருச்சுன்னு சொல்லு”ன்னேன். நீங்களே பாத்தீங்களே, எத்தனை சந்தோசமா ஓடுச்சு. தப்புங்களா? ஒரு பொய்யில அந்த மனுசனுக்கு மனசு ஆறும்னா அது தப்புங்களா? நீங்க ஏன் என்னை அப்பிடிப் பாக்கறீங்க?

அடக் கடவுளே. ஆமாங்க. அவனுக்குத் தெரியுமில்ல. வெயில் வரணும்னா எந்த மரம் போயிருக்கணும்னு அவனுக்குத் தெரியுமில்ல. அவனை ஏமாத்த முடியுமா? ஐயோ, அதை நான் யோசிக்கலியே. பொய்யின்னு புடிச்சிருவான். இல்லீன்னா...

வருது. இருங்க, நீங்க போயிராதீங்க. அழுகுதுங்க இப்ப. ஏம்மா அழுகறே? என்னம்மா சொன்னான்? இது என்ன? எனக்கு எதுக்கும்மா இது...

இதைப் பாருங்க. என் கைய நல்லாப் பாருங்க. சாவிங்க இது. சவரி வீட்டுச் சாவி. பஜாருக்குப் பின்னால லைன் வீடு, ஒரே ரூமு. வெயில் வந்துருச்சுன்னதும் அவன் அழுதானாம். விழுந்தப்பக்கூட அழுகாதவன் அழுதானாம். “அண்ணன் எனக்காக அந்த மரத்தை வெட்டிட்டாரு”ன்னானாம். “அப்ப அண்ணி இப்ப எங்க இருக்காங்க? இந்தக் குளிருல எங்க போயி நிக்கறாங்க? நம்ம வீடு சும்மாதான பூட்டிக் கெடக்குது, புள்ளைங்க உங்கம்மாகிட்டத்தான இருக்குது, சாவியக் குடுத்துரு, இன்னைக்கே அண்ணியக் கூட்டிட்டு வந்து இருந்துக்கச் சொல்லு. நாம வர இன்னும் மாசக்கணக்கு ஆகும்”னானாம். மூச்சு வாங்க வாங்க சொன்னானாம். ஆரோக்கியத்துக்கு ஒண்ணும் புரியல. இடுப்புல சொருகியிருந்த சாவிய எடுத்து என் கையில வெச்சு, விரலையும் அதுவே மூடி விடுது. “மயிலாத்தா அக்காவுக்குக் கட்டிலு சன்னலோரம் இருக்குதுங்ணா, முட்டி வலிக்கு மெத்தைய ரெண்டா மடிச்சுப் போட்டுக்கச் சொல்லுங்க. அது சரிங்ணா, உங்க வீட்டுக்கு என்னங்ணா ஆச்சு?”ன்னு கேக்குது.

இங்கதான் நிக்குது, உங்க பக்கத்துலயே நிக்குது, பதில் கேட்டுட்டு நிக்குது. நான் என்னத்தைச் சொல்றதுங்க? என் வீடு அப்பிடியேதானுங்க இருக்குது.